ஓரினுக்குத் தைத்த போர்வை

வெல்டா கோசாக் துணிக்கடைக்குத் தர வேண்டிய பாக்கி இருநூற்றுப் பதினெட்டு டாலர் நாற்பது சென்ட். கடைக்காரி பெர்னா ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. அதுதான் வெல்டாவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கேட்டுத் தொலைத்தாலாவது இரண்டு வார்த்தை சூடாகப் பேசிவிட்டு அடுத்த சம்பளத்தில் கொஞ்சம் தருகிறேன் என்று சொல்லலாம். கேட்காதவளிடம் என்ன சொல்ல முடியும்? கடைவீதிக்குப் போனால் எதிர்ப்பக்கமாகவே நடந்து வீட்டுக்கு வந்துவிடுவாள்.

பாக்கி ஆடம்பரத்தால் வந்ததல்ல. பன்றி வெட்டும் ஆலையில் வெல்டா கத்தி பிடிக்கிறவள். பெல்ட்டில் வரும் தோள்கறியிலிருந்து எலும்பை எடுக்கும் வேலை. காலையில் பிடித்த கத்தியைக் கீழே வைத்த பிறகும் விரல்கள் மடங்கியபடியே நிற்கும். அந்த விரல்களோடுதான் வியாழக்கிழமைதோறும் லுத்தரன் கிறிஸ்தவக் கோயிலின் நிலவறைக்குப் போய், மற்ற பெண்களோடு, பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு ஒட்டுப்போர்வை தைத்தாள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று நிறத்தில் துண்டு துண்டாக வெட்டி, நட்சத்திரமாகவும் பட்டையாகவும் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. துணி அவரவர் செலவு. ஆலையில் வேலை நேரத்தைக் குறைத்த வருஷமும் வெல்டா துணி வாங்குவதை நிறுத்தவில்லை. பெர்னாவும் வெட்டிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. பாக்கி அப்படி ஏறியது.

அங்கே கூடித் தைக்கும் பெண்களிடம் சில கட்டுப்பாடுகள் இருந்தன. தன் வீட்டு ஆளுக்குப் போர்வை வேண்டும் என்று தானே பெயர் கொடுக்கக் கூடாது, வேறொருத்தி கொடுக்க வேண்டும். தைத்து முடித்ததை ஒரு தடவை துவைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தைக்கிறவள் வீட்டுப் பூனை மயிரும் சமையல் வாடையும் அதில் இருக்கும். செத்தவனுக்குப் போர்வை கிடையாது. உயிரோடு இருக்கிறவனை எழுந்து நிற்கச் சொல்லி, முடியாதவனாக இருந்தால் உட்கார்ந்தபடியே, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தோளைச் சுற்றிப் போர்த்தி, "வீட்டுக்கு வந்துட்டீங்க, சந்தோஷம்" என்று சொல்ல வேண்டும். வியட்நாமிலிருந்து வந்தவர்களுக்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஊர் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்வது. உரத்த குரலில் ஊரையே அதட்டும் கிழவர்கள்கூட அந்த நேரத்தில் தரையைப் பார்ப்பார்கள்.

வெல்டா எத்தனையோ பேர் தோளில் அப்படிப் போர்த்தியிருக்கிறாள். சொந்த அண்ணன் ஓரின் தோளில் மட்டும் இல்லை. அவன் வேண்டாம் என்றுவிட்டான்.

வியட்நாமில் ஓரின் துப்பாக்கி பிடித்தது கொஞ்சம்தான். அவன் வேலை செத்தவர்களைச் சேகரிப்பது. சேற்றிலிருந்தும் புதரிலிருந்தும் தூக்கி வந்து, யார் எவர் என்று பார்த்து, சுற்றிக் கட்டி, சீட்டு மாட்டி, விமானத்தில் ஏற்றுவது. திரும்பி வந்து தானியக் கிடங்கில் வேலை பார்த்தான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குடித்தான், நிறுத்தினான். நுரையீரல் கெட்டு, இப்போது பழைய படைவீரர்களுக்கான இல்லத்தில் மூக்கில் குழாயோடு கிடந்தான்.

முன்பொரு தடவை வெல்டா கேட்டபோது அவன் திருப்பிக் கேட்டான். "உங்க கூட்டம் அந்தப் போர்வைய எங்க போடுது? தோள்லயா?"

"ஆமா. சுத்திப் போடுவோம். கட்டிப் பிடிக்கிற மாதிரி."

"நான் ஒரு வருஷம் அதே வேலைதான் பார்த்தேன் குட்டி. எத்தனை பேரைச் சுத்தியிருக்கேன். ஒரு பயல் நன்றின்னு சொல்லல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வரும்படி ஆயிற்று. அதற்குப் பிறகு வெல்டா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷம் சோளம் அறுத்து முடித்து வயல் மொட்டையாகக் கிடந்த சமயம், அவனே பேச்சை எடுத்தான். இல்லத்தில் அறையெல்லாம் சூடாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் அவன் பல் தந்தியடித்தது.

"குளுருது. உள்ளுக்குள்ள குளுருது. எதிர் அறை ஆளுக்கு உங்க போர்வை ஒண்ணு வந்துச்சு. அதைப் போத்திக்கிட்டு ராஜா மாதிரி உக்காந்து டிவி பார்க்கிறான்."

"உனக்கும் தைக்கட்டுமா?"

"தை. ஆனா ஒண்ணு கேட்டுக்க. எனக்கு மூச்சு இருக்கும்போது சுத்து. மூச்சு நின்னுடுச்சுன்னா, அதைத் தூக்கிட்டு வெளியே போயிடு. செத்தவன் மேல அதைப் போர்த்தாத, பொட்டிக்குள்ள வைக்காத. புரியுதா? சத்தியம் பண்ணு."

"என்ன பேச்சு இது?"

"பண்ணு."

வெல்டா அவன் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் வரை எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

தோழி ட்வைலா அன்றைக்கே ஓரின் பெயரைக் கொடுத்துவிட்டாள். ட்வைலா வீட்டுக் கார் கொட்டகையில் நீளக்கை மெஷின் ஒன்று இருந்தது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஒன்றாக்கி மேலே வளைவு வளைவாகத் தையல் ஓட்டுவது அதன் வேலை. அந்த மெஷினுக்காகப் புருஷனின் படகை முற்றத்தில் மழைக்குத் தள்ளியவள் அவள்.

மேல்துணி வெல்டாவின் பாடு. நீலமும் வெள்ளையும் வீட்டில் மிச்சம் கிடந்தன. சிவப்பு போதவில்லை. நட்சத்திரத்துக்கும் சுற்றுப் பட்டைக்கும் சேர்த்து இன்னும் நாலு கெஜம் வேண்டும். சனிக்கிழமை பெர்னாவின் கடை வாசல் வரை போனாள். கண்ணாடிக்குள்ளே பெர்னா, கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் அலமாரியில் சிவப்பு, மாதுளைச் சிவப்பிலிருந்து செங்கல் சிவப்பு வரை, அடுக்கி வைத்திருந்தது. வெல்டாவின் கை கதவுப் பிடி வரைக்கும் போனது. 'உள்ளே போனால் கொடுத்துவிடுவாள். ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிக் கொடுப்பாள்' என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளைத் திருப்பி அனுப்பியது. காரை எடுத்துக்கொண்டு ஹைவேயில் இருக்கும் பெரிய கடைக்குப் போனாள். டயரிலிருந்து ரொட்டி வரை விற்கும் கடை. துணி மூலையில் சிவப்பு ஒன்று தள்ளுபடி விலைக்குக் கிடந்தது. நல்ல நிறம். கையில் தொட்டால் மொடமொடப்பு, மண்ணெண்ணெய் மாதிரி லேசான வாடை. வாங்கிவிட்டாள்.

விரல் மடங்க மடங்க அந்த வாரமெல்லாம் தைத்தாள். ஆலையில் பெல்ட் ஓடும்போது மனதுக்குள் நட்சத்திரத்தின் முனைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளன் இரண்டு தடவை சத்தம் போட்டான்.

மேல்துணியை மெஷினில் மாட்டும்போது ட்வைலா தடவிப் பார்த்தாள். "ஏய், இந்தச் சிவப்பு பெர்னா கடையில வாங்கினதா? தகரம் மாதிரி இருக்கு."

"அங்கதான். புதுச் சரக்கு."

"கஞ்சி அதிகம் போட்டிருப்பான். சரி, கைய எடு, ஊசியில மாட்டினா அப்புறம் உன் விரலையும் சேர்த்துத் தச்சிடுவேன்."

"தைச்சிடு. ஆலைக்குப் போக வேண்டாம்."

இருவரும் சிரித்தார்கள். பெர்னா கடைத் துணி எத்தனை துவைத்தாலும் சாயம் போகாது. அதனாலேயே அந்தப் பெண்கள் யாரும் வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைத்துப் பார்ப்பதில்லை. வேறு கடைத் துணி என்று தெரிந்திருந்தால் ட்வைலா மெஷினில் ஏற்றியிருக்கவே மாட்டாள். நனைத்துக் காட்டு என்றிருப்பாள். வெல்டாவுக்கும் அது தெரியாததில்லை. பொய் சொன்ன கையோடு, தன் பொய்யைத் தானே நம்பிவிட்டாள்.

ஓரப்பட்டியைக் கையால் தைத்தாள். பின்பக்க மூலையில் சின்ன வெள்ளைத் துணி வைத்து, நீல நூலில் பெயரை எழுதினாள்: ஓரின் கோசாக். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இல்லத்தில் போர்த்துவது என்று ஏற்பாடு. சாப்பாட்டுக் கூடத்தில் கேக் வெட்டுவதாகவும் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை வெல்டா ஆலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போர்வையைத் துவைக்கப் போட்டாள்.

மெஷின் நின்றதும் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

வெள்ளையெல்லாம் சிவந்திருந்தது. ஒரே சீராகச் சிவந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் பக்கத்து வெள்ளைக்குள் ஊறி, ஓரம் கலங்கி, நடுவில் அடர்ந்து, வெளியே போகப் போக வெளிறிப் பரவியிருந்தது. வெல்டாவுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆலையில் வெள்ளைக் கோட்டில் நாள் தவறாமல் பார்ப்பது. கட்டுப் போட்ட துணிக்கு மேலே ரத்தம் கசிந்து வருவது போலவே இருந்தது.

ட்வைலாவுக்குப் போன் போட்டாள். ட்வைலா வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். பார்த்தாள். வெள்ளையைத் தேய்த்து, விரல் நுனியைப் பார்த்தாள்.

"இது பெர்னா துணி இல்ல."

"இல்ல."

"அடிப்பாவி." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டாள். "குளிக்கிற தொட்டியில கொதிக்கக் கொதிக்கத் தண்ணி விடு. பாத்திரம் கழுவுற சோப்பைக் கொட்டு. முழுசா முங்கணும், ஒரு மூலைகூட மேல தெரியக் கூடாது. தண்ணி சிவக்கச் சிவக்க மாத்தணும். ஒரு நாள் ஆகும், ரெண்டு நாளும் ஆகலாம். காய விட்டுட்டா சாயம் பிடிச்சிக்கும், அப்புறம் கடவுளே வந்தாலும் போகாது."

"நாளைக்கு மத்தியானம் போர்த்தணுமே."

"அப்ப ஒண்ணு பண்ணு. நனைக்காத. இப்படியே காய வச்சு எடுத்துட்டுப் போ. ரோஸ் கலர்ல இருந்தா என்ன? உங்கண்ணன் சிரிச்சிக்கிட்டே போத்திக்குவான்."

வெல்டா தலையை ஆட்டினாள். "இத அவன் தோள்ல போடச் சொல்றியா? நல்லாப் பாரு ட்வைலா. அவன் என்ன வேலை பார்த்தவன்? எதை எடுத்து எதைச் சுத்தினவன்? அறுபத்தெட்டு வயசுல நான் அவனுக்கு இதையா சுத்துவேன்?"

ட்வைலா மறுபடியும் பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்கும் தெரிந்தது. குழாயைத் திறந்தாள்.

வெல்டா இல்லத்துக்குப் போன் செய்து, புதன்கிழமைக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டாள். நர்ஸ் டெஸ் கொஞ்சம் தயங்கினாள். "தள்ளலாம்மா. ஆனா அவரு ராத்திரி சரியாத் தூங்கல. முடிஞ்சா சீக்கிரம் வாங்க. போர்வை எப்படி இருந்தாலும் பரவாயில்ல. பேசுறீங்களா, குடுக்கட்டுமா?"

ஓரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எங்க என் போர்வை?"

"துவைச்சேன். இன்னும் காயல."

"காயட்டும். நான் எங்க ஓடப் போறேன்?" மூச்சு வாங்கினான். "கனமா இருக்குமா?"

"இருக்கும். பஞ்சு ரெண்டு மடிப்பு வச்சிருக்கேன்."

"நல்லது" என்றான். போன் வைக்கும் சத்தம் கேட்டது.

அந்தத் தண்ணீரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் தண்ணீர் பீட்ரூட் வேக வைத்தது மாதிரி. அதை வடித்துவிட்டு மறுபடி நிரப்பினார்கள். வெந்நீர் தீர்ந்ததும் அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சி ஊற்றினார்கள். நனைந்த போர்வை பன்றி கனம் கனத்தது. ட்வைலா துடைப்பக் கட்டையால் அமுக்க, வெல்டா முழங்கை வரை சோப்புத் தண்ணீரில் விட்டுத் திருப்பினாள். பழைய வெட்டுக்காயங்களில் சோப்பு எரிந்தது. திங்கள் போயிற்று. செவ்வாய் முழுக்க நனைந்தது. தண்ணீர் ரோஸாகி, வெளிறி, கடைசியில் வெறும் சோப்பு நிறத்துக்கு வந்தது. ஆலையில் இருந்து போன் வந்தது, எடுக்கவில்லை.

புதன்கிழமை விடிந்து போர்வையைத் தூக்கிப் பிழிந்தபோது, வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். ஒரு முனையிலும் கசிவு இல்லை. இத்தனை வருஷத்தில் தான் தைத்ததிலேயே நல்லது இதுதான் என்று வெல்டாவுக்குத் தோன்றியது. துணி உலர்த்தும் மெஷினில் போட்டுவிட்டு, தலை வாரி, நல்ல சட்டை மாற்றிக்கொண்டாள். காய்ந்ததும் சூடு ஆறாமல் மடித்துக் காரின் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ட்வைலா பின்னால் உட்கார்ந்தாள். வழி நெடுக வெல்டா ஒரு கையைப் போர்வைக்குள் விட்டு வைத்திருந்தாள், சூடு இருக்கிறதா என்று.

இல்லத்து வாசலிலேயே டெஸ் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ட்வைலா, "ஐயோ" என்றாள்.

"இப்பதாம்மா. ஒரு மணி நேரம்கூட ஆகல. உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன், நீங்க கிளம்பிட்டீங்க போல."

வெல்டா போர்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மூக்குக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். யாரோ நல்ல மனதோடு, விரிப்பைக் கழுத்து வரை இழுத்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி வைத்திருந்தார்கள். பொட்டலம் மாதிரி கிடந்தான்.

"போர்த்தி விடுங்களேன்" என்றாள் டெஸ் மெதுவாக. "எவ்வளவு அழகா இருக்கு. ரெண்டு நாளா அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

வெல்டா போர்வையை ட்வைலாவிடம் கொடுத்தாள். படுக்கையைச் சுற்றி வந்து, செருகியிருந்த விரிப்பை ஒரு பக்கம் உருவினாள். மறுபக்கம் போய் அதையும் உருவினாள். கால் பக்கமும் தளர்த்திவிட்டாள். ஓரினின் கைகளை வெளியே எடுத்து வைத்தாள். பிறகு ட்வைலாவிடமிருந்து போர்வையை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். போர்வை இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.

"அவன் ஆத்மா குளிராதாடி? பொட்டிக்குள்ளயாவது வைப்போம்" என்று ட்வைலா அழுதாள்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் பிணவண்டிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கொண்டு வந்தது கறுப்புப் பை, கால் முதல் தலை வரை ஜிப் வைத்தது. வெல்டா எழுந்து, "இது இல்லாம எடுத்துட்டுப் போக முடியாதா?" என்று கேட்டாள். முடியாதும்மா, சட்டம் அப்படி, என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஜிப் ஏறும் சத்தம் கேட்டது. மூச்சு இருக்கும்போது சுற்ற முடியவில்லை; அவள் செய்து கொடுத்த சத்தியத்தில் மறுபாதியைத்தான் அவளால் காப்பாற்ற முடிந்தது.

அடக்கம் முடிந்த பிறகு ஒரு நாள் ட்வைலா வந்தாள். சுற்றி வளைத்துப் பேசினாள். அந்தப் பெண்களிடம் அடுத்த பெயர் ஒன்று இருந்தது, இராக்கிலிருந்து வந்த பையன், ஒரு கால் இல்லை. போர்வை தயாராக இல்லை. செத்தவருக்குக் கொடுப்பதில்லை என்பதால்... என்று இழுத்தாள்.

"எடுத்துட்டுப் போ" என்றாள் வெல்டா.

பெயர்த் துணியை அவளே பிரித்தாள். நீல நூலில் ஒவ்வொரு தையலையும் கொக்கியால் நெம்பி எடுத்தாள். அடித்துணியில் ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன. துவைத்தால் அதுவும் மூடிக்கொள்ளும். பையனுக்குப் போர்த்தும் நாளில் அவளை வரச் சொன்னார்கள். போகவில்லை. ஆலையில் அன்றைக்கு வேலை இருந்தது.

சம்பளம் வந்த சனிக்கிழமை, வெல்டா தன் தையல் மெஷினைப் பெட்டியில் வைத்து மூடி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பெர்னாவின் கடைக்குள் போனாள். வெட்டுகிற மேஜை மேல் வைத்தாள்.

பெர்னா அளவு நாடாவைக் கழற்றி வைத்தாள். "வெல்டா. அடக்கத்துக்கு வந்திருந்தேன். நீ என்னைப் பார்க்கல."

"பார்த்தேன்." வெல்டா மூச்சு வாங்கினாள். "இதை எடுத்துக்க. பாக்கிக்கு."

"எந்தப் பாக்கி? நான் கேட்டேனா? என்னைக்காவது கேட்டேனா?"

"இல்ல."

பெர்னா மெஷின் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "ட்வைலா சொன்னா. அந்தச் சிவப்புத் துணி. ஏன்டி இங்க வரல? ஓரினுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே வெட்டிக் கொடுத்திருப்பேன்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வரல?"

"தெரிஞ்சதாலதான் வரல."

பெர்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கடையில் வேறு யாரும் இல்லை. வெளியே ஒரு தானிய லாரி போனது, கண்ணாடி அதிர்ந்தது.

"இப்படிப் பண்ணலாம்" என்றாள் பெர்னா கடைசியில். "பாக்கிய நான் கணக்கு நோட்டுல அடிச்சிடறேன். மெஷினை எடுத்துட்டுப் போ. வியாழக்கிழமை வா. துணி என் பொறுப்பு. கை சும்மா இருந்தா மனசு கெட்டுப் போகும்."

"அடிக்காத. எடுத்துக்க."

"இது முந்நூறு பெறும். மேலயும் பெறும்."

"மிச்சம் வேணாம்."

"வெல்டா, நான் சொல்றதக் கேளு..."

"பெர்னா." அவள் சத்தம் போடவில்லை. "நான் இனிமே தைக்கப் போறதில்ல. இத வீட்டுல வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல. தயவு பண்ணி எடுத்துக்க."

பெர்னா எழுந்து பெட்டியைத் தூக்கி, பழைய மெஷின்கள் இருக்கும் பக்கம் கொண்டு போய் வைத்தாள். விலைச்சீட்டு ஒட்டவில்லை. திரும்பி வந்து கல்லாவைத் திறந்து மிச்சப் பணத்தை எண்ண ஆரம்பித்தாள். தலை நிமிர்ந்தபோது வெல்டா கதவுப் பக்கம் போயிருந்தாள்.

"தீர்ந்துதா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

பெர்னா கையிலிருந்த நோட்டுகளைக் கல்லாவுக்குள் திரும்பப் போட்டாள்.

"தீர்ந்தது" என்றாள்.